ஒட்டு ரம்புட்டான் என்று வந்தவை நாற்பது விதைக்கன்றுகள், போனது 21,400 ரூபாய்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால், போகட்டும், யாருக்குத்தான் நஷ்டம் வரவில்லை என்று நானே மழுப்பிவிடுவேன். ரம்புட்டான் பழமரத்தின் ஒட்டுக்கன்று என்று சொல்லி, விதை போட்டு முளைத்த நாற்பது விதைக்கன்றுகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். கன்றுக்கு 450 வீதம் 18,000, டெம்போ வாடகை 3,400, ஆக மொத்தம் 21,400 ரூபாய். எங்கே வாங்கினேன் என்று கேட்காதீர்கள். பெயரை வெளியில் சொன்னால் மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்று மிரட்டலும் வந்திருக்கிறது. விவசாயப் பொருள்களை வாங்கவும் விற்கவும் உள்ள ஒரு கைபேசிச் செயலி, அதில் கடை விரித்திருக்கும் ஒரு நர்சரி. இந்த அடையாளம் போதும். கன்று வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

குலசேகரத்தை அடுத்த மலையோரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. பால் வற்றிய பழைய மரங்களை வெட்டித் தடியாக விற்றதில் கீழ்ப்பக்கம் அரை ஏக்கர் காலியானது. மறுபடியும் ரப்பர் வைத்தால் பால் வெட்டுவதற்கு ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும், அதற்குள் விலை எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ரம்புட்டான் வைக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வெயிலும் ஈரமும் கலந்த இந்தப் புழுக்கத்தில் நமக்குத்தான் வியர்க்கிறது, ரம்புட்டானுக்கு அதுதான் சுகம். பழுப்பதற்கு முன்பே வியாபாரிகள் வந்து மரத்தைப் பார்த்து மொத்தமாக விலை பேசி, வௌவால் அண்டாமல் வலையைப் போர்த்திவிட்டுப் போகிறார்கள். ஏழு மீட்டர் இடைவெளி விட்டால் அரை ஏக்கருக்கு நாற்பது கன்று. உள்ளூர் நர்சரிகளில் ஒரே ரகத்தில் நாற்பது கன்று ஒருசேரக் கிடைக்கவில்லை. அதனால்தான் அந்தச் செயலிக்குள் போனேன்.

ரம்புட்டானில் ஒட்டுக்கன்றுதான் வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. விதை போட்டு முளைத்த கன்றுகளில் ஏறக்குறைய பாதி ஆண் மரங்களாகப் போய்விடும். பூக்கும், தேனீ மொய்க்கும், ஒரு காய் நிற்காது. மீதிப் பாதி காய்த்தாலும் தாய்மரத்தின் குணத்தோடு காய்க்கும் என்று சொல்ல முடியாது. பழம் புளிக்கலாம், சதை கொட்டையை விடாமல் பிடித்துக்கொள்ளலாம். அதைவிடக் கொடுமை, இது தெரியவருவதற்கே ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நல்ல மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டிய கன்று என்றால் மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும், காய்ப்பதும் தாய்மரத்துப் பழமாகவே இருக்கும். ஜாதிக்காய் வைத்துவிட்டுப் பாதி மரம் ஆணாகப் போனதைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் உண்டு, அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் எனக்கு விற்றவனும் சொன்னான். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. முதல் பேச்சில் அவன் விற்கவே முயலவில்லை. "அண்ணா, ரம்புட்டானில் ஏமாற்று வேலை அதிகம். விதைக்கன்றை ஒட்டு என்று சொல்லி விற்கிறார்கள். எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று இல்லை, எங்கே வாங்கினாலும் விசாரித்து வாங்குங்கள்" என்றான். ஆண் மரக் கணக்கை அவனே சொன்னான். எங்கள் மண் செம்மண்ணா சரளையா, தண்ணீர் தேங்குமா, காற்றுக்குத் தடுப்பு உண்டா என்று கேட்டான். மேட்டில் காற்று அடிக்கும் என்றதும், அந்த ஓரத்தில் முதலில் வாழை வைத்து நிழலும் மறைவும் உண்டாக்கிவிட்டுப் பிறகு ரம்புட்டான் வையுங்கள் என்றான். நல்ல யோசனை, இப்போதும் சொல்கிறேன். இத்தனை தெரிந்த ஒருவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்?

படங்கள் வந்தன. தாய்மரம் ஒன்று கிளை தாழக் காய்த்து நின்றது. பழத்தோல் சிவந்திருக்க, முடிகளின் நுனி மட்டும் பச்சையாக இருந்தது. தாய்லாந்தின் ரோங்ரியன் ரகத்துக்கு அதுதான் அடையாளம், அதையும் அவனே சொன்னான். ஒருவர் கத்தியால் பட்டையைக் கீறி மொட்டை எடுத்துப் பொருத்தும் காணொளியும் வந்தது. செயலியில் அவன் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்ற பச்சைக்குறி இருந்தது. முழுப் பணம் வேண்டாம், பாதி அனுப்புங்கள், மீதியைக் கன்றைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள் என்றான். நான் சாய்ந்தது அந்த வார்த்தையில்தான்.

டெம்போ வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது, நல்ல மழை. ஓட்டுநருக்கு அடுத்த ஊரில் இறக்க வேண்டிய சரக்கு இருந்ததாம். மீதிப் பணம் கணக்கில் ஏறினால்தான் இறக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று கதவைத் திறக்காமல் நின்றார். டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்த கன்றுகள், இலையில் ஒரு புள்ளி இல்லை, ஒவ்வொன்றின் அடித்தண்டிலும் வெள்ளை நாடா நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. பணத்தை அனுப்பினேன். 21,400 ரூபாயும் அதோடு முடிந்தது.

அன்று இரவே அவனிடமிருந்து அக்கறையாக ஒரு குரல்பதிவு. நாடாவை இப்போது அவிழ்க்க வேண்டாம், மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் இறங்கினால் மொட்டு அழுகிவிடும், ஒரு மாதம் போகட்டும், நாங்களே சொல்கிறோம் என்றான். மழைத் தண்ணீர் இறங்கினால் மொட்டு அழுகும் என்பது உண்மைதான். ஏமாற்றுக்காரன் பொய்தான் சொல்வான் என்று நினைக்காதீர்கள். இவன் என்னிடம் சொன்னதில் முக்கால் பங்கு உண்மை. அந்த உண்மைகளைக் கொண்டுதான் என் கையைக் கட்டினான்.

எங்கள் ஊரில் ரப்பருக்குப் பட்டிங், அதாவது மொட்டு ஒட்டும் வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். ஆர்ஆர்ஐஐ 105 என்ற ரப்பர் ரகத்தை இந்தப் பக்கம் எத்தனையோ தோட்டங்களுக்கு ஒட்டிக் கொடுத்த கை. வேறு வேலையாக வந்தவர் குழி எடுப்பதைப் பார்த்துவிட்டுக் கன்றுகளின் பக்கம் போனார். குனிந்து ஒன்றைத் தூக்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மக்கா, இதை யார் பட் பண்ணியது?" என்று கேட்டார். நான் பெருமையாக விவரம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மொட்டிலிருந்து இவ்வளவு உயரம் தளிர் வந்திருந்தால் நாடாவை எப்போதோ அவிழ்த்திருப்பார்களே. நாடா இன்னும் இருக்கிறது என்றால் மேலே நிற்பது பழைய தண்டுதான்" என்றார். பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டு நாடாவை அவிழ்த்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை. அடியிலிருந்து மேல்வரை ஒரே தண்டு, ஒரே பட்டை. கத்தி நுனியால் ஒரு கீறல் மட்டும் போட்டிருந்தார்கள், அதுவும் ஆறி வெளிறிக் கிடந்தது. உண்மையான பட் என்றால் பட்டையில் சதுரமாகத் துண்டு ஒட்டிய தழும்பு தெரியும். அதற்கு மேலே பழைய தண்டை அறுத்த மேல்வெட்டு இருக்கும், அதன் பக்கவாட்டிலிருந்து புதுத்தண்டு சற்று வளைந்து எழும்பியிருக்கும். இதில் வளைவும் இல்லை, வெட்டும் இல்லை. இன்னொன்றை அவிழ்த்தார், அதுவும் அப்படியே. அதற்குப் பிறகு நானே ஒவ்வொன்றாகப் பிய்க்கத் தொடங்கினேன். நாற்பதில் ஒன்றாவது நிஜமாக இருக்கும் என்று கடைசிக் கன்றுவரை ஒரு நப்பாசை. ஒன்றும் இல்லை. நாடா சுற்றக் கூலி கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள், அதே கூலிக்கு மொட்டை எடுத்து ஒட்டியே கொடுத்திருக்கலாமே என்றார் அண்ணாச்சி. எனக்கும் அது இன்றுவரை விளங்கவில்லை.

அவனை அழைத்தேன். முதல் நாள் எடுத்தான். நன்றாகச் சேர்ந்துவிட்ட ஒட்டில் தழும்பு தெரியாது அண்ணா என்றான். மேல்வெட்டு எங்கே என்றேன். அது புது முறை என்றான். என்ன முறை என்று கேட்டதற்குக் குரல் மாறியது. நாடாவை அவிழ்க்க வேண்டாம் என்று சொல்லியிருந்தோமே, நீங்களே அவிழ்த்துவிட்டு இப்போது எங்களைக் கேட்டால் எப்படி என்றான். அடுத்த நாள் ஒரு பெண் எடுத்து, மேலாளர் வெளியூரில் இருக்கிறார் என்றார். அதற்கடுத்து, கன்று உயிருள்ள பொருள், வாங்கிய பிறகு எங்கள் பொறுப்பு இல்லை என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. நாற்பது கன்றின் அடித்தண்டையும் படம் எடுத்து அனுப்பினேன். நீல நிறக் குறி விழுந்தது, பதில் இல்லை. பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள். அண்ணாச்சியின் கைபேசியிலிருந்து அழைத்தபோதுதான் அந்த வழக்கு மிரட்டல் வந்தது. 21,400 ரூபாயை வாங்கிக்கொண்டு என்னையே நீதிமன்றத்துக்கு இழுப்பார்களாம்.

செயலிக்காரர்கள் இன்னும் நயமாகப் பேசினார்கள். புகார் எழுதினால் ஓர் இயந்திரம் பதில் போடுகிறது: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். மனிதரிடம் பேச வேண்டும் என்று விடாமல் கேட்டு ஒருவரைப் பிடித்தேன். செடிகளுக்குப் பொருள் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் புகார் செய்ய வேண்டும், அது கடந்துவிட்டது என்றார். ஒரு மாதம் நாடாவைத் தொடாதே என்று அவன் சொன்னது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. சரி, அந்தப் பச்சைக்குறிக்கு என்ன பொருள் என்று கேட்டேன். விற்பவரின் தொலைபேசி எண் சரிபார்க்கப்பட்டது என்று பொருளாம். நர்சரியைப் பார்த்தவர் யாரும் இல்லை, தாய்மரத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. எண் வேலை செய்கிறது, அவ்வளவுதான். பணத்தை நேரடியாக அவன் கணக்குக்கு அனுப்பியதால் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்றும் சொல்லி வைத்துவிட்டார். தன் விளம்பரத்தில் அவன் கணக்கு எண்ணைப் போட இடம் கொடுத்தவர்கள் பேசுகிற பேச்சு இது.

நேற்று அதே தாய்மரப் படத்தோடு வேறொரு நர்சரிப் பெயரில் விளம்பரம் ஓடுகிறது. இப்போது கன்று 480 ரூபாய். பச்சைக்குறியும் இருக்கிறது.

21,400 பெரிய தொகையா என்று சிலர் கேட்பார்கள். ரப்பர் தடி விற்று வந்த பணம் அது, அடுத்து விற்க அந்தப் பக்கம் மரம் இல்லை. அண்ணாச்சி அன்று வராமல் இருந்திருந்தால் இன்னும் மோசம். நட்டு, உரம் வைத்து, கோடையில் தண்ணீர் சுமந்து ஐந்தாறு ஆண்டு வளர்த்திருப்பேன். பூத்த பிறகு பாதி மரத்தில் காய் நிற்காதபோது மண்ணையும் மழையையும் குறை சொல்லிக்கொண்டு நின்றிருப்பேன். அவனுக்கும் தெரிந்தது அதுதான். அத்தனை ஆண்டு கழித்து எவன் ரசீதைத் தேடுவான்?

இப்போதைக்கு அண்ணாச்சி சொல்லும் வழி, இந்தக் கன்றுகளையே வேர்ச்செடியாக வைத்துக்கொண்டு, தண்டு முற்றியதும் தெரிந்த இடத்து நல்ல மரத்திலிருந்து மொட்டு எடுத்து ஒட்டுவது. செய்யலாம்தான். ஆனால் வேர்ச்செடிக்கு ஆகும் விதைக்கன்று இங்கே ஐம்பது, அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும், நான் கொடுத்ததோ 450. பட்டிங் கூலி தனி. எத்தனை பிடிக்கும் என்பது மழையின் கையில்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், எழுதிக்கொண்டே வரும்போது கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொட்டு ஒட்டிய கன்று என்றால் இறக்கும்போதே தழும்பு, மேல்வெட்டு, வளைவு மூன்றையும் பாருங்கள். நாடா இருந்தால் இரண்டு மூன்றை அவர்கள் முன்னாலேயே அவிழ்க்கச் சொல்லுங்கள், மறுத்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். இருட்டிய பிறகு வரும் கன்றை இறக்காதீர்கள். விற்பவர் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பாதீர்கள், ரசீதில் ரகமும் 'மொட்டு ஒட்டு' என்ற வார்த்தையும் இல்லாமல் வாங்காதீர்கள். முடிந்தவரை தாய்மரத்தை நேரில் பார்க்கக்கூடிய இடத்துக்குப் போங்கள். எங்கள் பக்கத்தவர்களுக்குப் பேச்சிப்பாறைத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு நீலகிரிச் சரிவில் பர்லியார் அரசுப் பண்ணை இருக்கிறது. கன்று இருப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஏமாந்துவிட்டால் உடனே இணையவழி மோசடிப் புகாருக்கான 1930க்கு அழையுங்கள், நுகர்வோர் உதவி எண் 1915. இணைய வணிக விதிகளின்படி செயலியின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனக்கு இதுவரை அந்த முதல் பதிலே வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் வசிக்கும் ஊரிலிருந்தே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. மனுவை எழுதி வைத்துவிட்டேன், திங்கள்கிழமை நாகர்கோவிலுக்குப் போகிறேன். 21,400 ரூபாய், கூடவே டெம்போவுக்கு என்று தனி ரசீது கொடுக்காத குற்றமும் அதில் இருக்கிறது. இதே தாய்மரப் படத்தைக் காட்டி உங்களிடமும் யாராவது விற்றிருந்தால் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு எழுதுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.