நான்கு குட்டிகளும் ஒரு மேட்டுத் தட்டும்

வேகமாகத் தின்னும் நாய்களுக்கென்று விற்கிற ஸ்லோ ஃபீடர் தட்டு ஒன்றை ஆன்லைனில் 349 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டரை மாதம் ஆகிறது. தட்டுக்குள் பிளாஸ்டிக் மேடுகள் சுருள் சுருளாக எழும்பி நிற்கும். தீனி அந்த மேடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் போய் விழும். நாய் அதை ஒரே வாயாக அள்ள முடியாது, நாக்கை விட்டு நோண்டித்தான் எடுக்க வேண்டும். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் எல்லாக் குட்டிக்கும் இல்லை, எல்லாத் தீனிக்கும் இல்லை.

எங்கள் ஊர் வேதாளை, மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். அப்பா நாட்டுப்படகில் போகிறவர். மாசி பிறந்த கையோடு எங்கள் வலைக் கொட்டகைக்குள் ஒரு தெருநாய் நான்கு குட்டி போட்டது. ஐந்தாவது வாரம் தாய் ரோட்டில் அடிபட்டுச் செத்துப்போனது. குட்டிகளுக்கு சீலா, பாறை, முரல், நெத்திலி என்று மீன் பெயர்களையே வைத்தோம். நெத்திலி எல்லாவற்றிலும் சிறியவள்.

பக்கத்து வீட்டு ஆச்சி, "பாலும் சோறும் பிசைஞ்சு வைம்மா, போதும்" என்றார். அன்புடன் சொன்னதுதான். பசும்பால் வைத்த இரண்டாம் நாளே நான்குக்கும் வயிற்றால் போனது. பாலை நிறுத்திவிட்டு, குட்டிகளுக்கான கடைத் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஒரே தாம்பாளத்தில் வைத்தேன். அங்கேதான் அடுத்த சிக்கல். சீலா ஒரு நிமிடத்துக்குள் தன் பங்கை முடித்து, பாறையைத் தள்ளி, நெத்திலியின் பங்கையும் விழுங்கிவிடுவான். பிறகு பாதியைக் கக்குவான். முரல் நாலு வாய் தின்றுவிட்டுக் காக்கை பார்க்கப் போய்விடுவான். நெத்திலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

எது எவ்வளவு தின்கிறது என்றே தெரியவில்லை. அப்பாதான், "நம்ம மீன் தராசுல வச்சுப் பாரு ஆத்தா" என்றார். பிளாஸ்டிக் தொட்டியை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு ஒவ்வொன்றாக இறக்கினோம். சீலா 2 கிலோ 400. நெத்திலி 1 கிலோ 150. ஒரே வயிற்றில் பிறந்த குட்டிகள்! அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாரம் ஒரு முறை எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறேன். குட்டி சரியாகத் தின்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எடைதான் சொல்லும்.

தட்டு வந்தது இந்த நேரத்தில்தான். முதலில் சீலாவுக்கு உலர்ந்த தீனியைப் போட்டு வைத்தேன். ஒரு நிமிடத்தில் முடிக்கிறவனுக்கு ஆறு நிமிடம் பிடித்தது. கக்குவதும் அந்த வாரத்திலேயே நின்றது. அந்த ஒன்றுக்காகவே கொடுத்த காசு தகும். பாறைக்குத் தேவையே இல்லை, அவன் எதில் வைத்தாலும் நிதானமாகத் தின்பான். நெத்திலிக்கு வைத்துப் பார்த்தது என் தவறு. இரண்டு தடவை மூக்கை மேட்டில் இடித்துக்கொண்டு அப்படியே போய்ப் படுத்துவிட்டாள். தயங்கித் தின்னும் குட்டிக்கு இந்தத் தட்டை வைக்கவே வைக்காதீர்கள். அவ்வளவு சிறிய குட்டி பட்டினி கிடந்தால் உடம்பில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும்.

நெத்திலி தின்னாததற்குத் தட்டோ தீனியோ காரணமில்லை என்பது கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனபோதுதான் தெரிந்தது. வயிற்றில் புழு. நான்குக்கும் புழு மருந்து கொடுத்தார், இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்கச் சொன்னார். அப்புறம்தான் அவளுக்குப் பசியே வந்தது. பசி குறைந்த குட்டி வீட்டில் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், தட்டெல்லாம் பிறகு.

அவர் சொல்லித்தான் வேளையும் பிடிபட்டது. மூன்று மாதம் ஆகும்வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை. காலை 6, பகல் 11, மாலை 4, இரவு 9. ஒவ்வொரு குட்டியின் எடைக்கும் தீனிப் பையின் பின்னால் உள்ள அளவை நான்காகப் பங்கிட்டேன். மீன் பெட்டிகளைக் கவிழ்த்துக் கொட்டகையை மூன்று பகுதியாகத் தடுத்தோம். நெத்திலிக்கு மட்டும் திண்ணையில், மற்றவற்றுக்கு வைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே வைத்துவிடுவேன். இருபது நிமிடம் ஆனதும் மிச்சத்தை எடுத்துவிடுவேன். முரலுக்கு இதுதான் மருந்து. மூன்று நாள் பாதியில் ஓடினான், நான்காம் நாள் உட்கார்ந்து முடித்தான். எடுத்த தட்டை அடுத்த வேளைக்கு முன் திரும்ப வைக்காமல் இருக்க மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். நெத்திலியிடம் மட்டும் அந்தக் கண்டிப்பு வைக்கவில்லை, அவள் தின்னும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

இனி தட்டின் குறைகள். நம் கடற்கரை வீடுகளில் மீன் வைக்காமல் இருக்க மாட்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்றாலும் அப்பாவுடையது நாட்டுப்படகு, அதனால் காரலும் சூடையும் வந்துகொண்டுதான் இருந்தன. உப்பு, புளி இல்லாமல் அவித்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொஞ்சம் வைப்பேன். அந்தச் சோறு இந்தத் தட்டுக்கு ஆகவே ஆகாது. பள்ளத்தில் அப்பிக்கொள்ளும், பழைய பல் பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் கவிச்சி போகாது, எறும்பு வரிசை கட்டும். உலர்ந்த தீனிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டிய ரப்பர் வளையம் சிமெண்ட் தரையில் பிடிக்கும், மணலில் பிடிக்காது. கச்சான் காற்று தொடங்கியதிலிருந்து பள்ளமெல்லாம் மணல். அதன்பிறகு வீட்டுக்குள்தான் வைத்தேன். பல் முளைத்த சீலா ஒரு மேட்டின் முனையைக் கடித்துத் துண்டாக்கிவிட்டான், அதனால் தின்று முடித்த உடனே தூக்கி மேலே வைத்துவிட வேண்டும்.

மீன் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கரையில் வலையிலிருந்து உதறிப் போடும், பந்துபோல் உடம்பை ஊதிக்கொள்ளும் பேத்தை மீனைக் குட்டிகள் மோந்துகூடப் பார்க்க விடாதீர்கள். கொடிய விஷம், அதை முறிக்க மருந்தும் கிடையாது. கருவாடும் வேண்டாம், உப்பு அதிகம்.

நாலு குட்டி இருக்கிறதே என்று நாலு தட்டு வாங்காதீர்கள். அவசரக்காரனுக்கு ஒன்று, மற்றவற்றுக்குச் சாதாரண எவர்சில்வர் கிண்ணம். காசு மிஞ்சினால் புழு மருந்துக்கும் தடுப்பூசிக்கும் செலவிடுங்கள்.

போன ஞாயிறு நெத்திலி 5 கிலோ 300 காட்டினாள். சீலாவை மண்டபத்தில் ஒரு குடும்பம் கேட்டு வாங்கிப் போனது. மூன்று மாதம் தாண்டியதால் இப்போது மூன்று வேளைதான். அந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி, கடிபட்ட தட்டையும் கழுவிக் காயவைத்து அவனுடனேயே கொடுத்து அனுப்பினேன்.