மறதி நோய் இருக்குற அப்பா அம்மாவுக்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கப் போறீங்களா, இத படிச்சுட்டுப் போங்க

போன வாரம் எனக்கு அந்த வாட்ச வித்தவரோட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல அதே வாட்ச் போட்டோ, "வயதான பெற்றோரின் பாதுகாப்புக்கு"ன்னு போட்டுருக்காரு. அதப் பாத்ததுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன். கடை பேரு போடல, கேஸ் போட்டுருக்கேன்.

நாங்க பாம்பன். அப்பாவுக்கு 71 வயசு, 40 வருசத்துக்கு மேல கடலுக்குப் போனவரு, விசைப்படகு டிரைவர். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மதுரையில நரம்பு டாக்டர்ட்ட காட்டுனப்ப அல்சைமர்னு சொல்லிட்டாங்க. பகல்ல ஒண்ணும் இல்ல, திண்ணையில உக்காந்து வலை முடிஞ்சுக்கிட்டு இருப்பாரு. விடியக்காலம் மூணு மணி ஆனா முழிச்சிருவாரு, கடலுக்குப் போற நேரமாச்சுன்னு தூக்குவாளிய எடுத்துக்கிட்டு கிளம்பிருவாரு. நான் மண்டபத்துல நண்டு கம்பெனில கணக்கு பாக்குறேன், அம்மாவுக்கு மூட்டு வலி, அவரு பின்னாடி அம்மாவால ஓட முடியாது.

அதனாலதான் ராமநாதபுரத்துல அந்தக் கடைக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன், அப்பாவுக்கு இந்த நோய், ராத்திரி எந்திரிச்சுப் போயிருவாரு, வீடு கடக்கரைப் பக்கம்னு ஒண்ணு விடாம சொன்னேன். "தங்கச்சி, இது 4ஜி, வீட்ட விட்டு 50 மீட்டர் தாண்டுனா உங்க போன்ல அலாரம் அடிக்கும், மூணு நாள் சார்ஜ் நிக்கும், தண்ணில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது"ன்னாரு. நானும் நம்பி 6,500 ரூபா குடுத்து வாங்குனேன்.

வீட்ல வந்து எங்ககிட்ட இருந்த ஜியோ சிம்ம போட்டா எடுக்கவே இல்ல. போன் பண்ணி கேட்டா "வேற கம்பெனி சிம் போடுங்க, சரியாயிரும்"னு சொன்னாரு. போட்டதும் எடுத்துச்சு. அப்பவே யோசிச்சிருக்கணும், ஜியோவுல 2ஜியே கிடையாது, 4ஜி வாட்ச்னா அதுல எடுத்துருக்கணும்ல, எடுக்கலேன்னா இது பெரும்பாலும் 2ஜி வாட்ச்சாத்தான் இருக்கும். எனக்கு அப்ப அது தெரியல.

ஆப்ப திறந்து பாத்தா அதுல பள்ளிக்கூட நேரம்னு ஒரு இடம், இன்னொரு இடத்துல குழந்தைக்கு பரிசா ஹார்ட் அனுப்புற பட்டன். அப்பா கையில கட்டுனது ஸ்கூல் பிள்ளைங்க வாட்ச். டப்பா மேல இருந்த படத்த மறைச்சு வேற ஸ்டிக்கர் ஒட்டிருந்தாங்க, நகத்தால சுரண்டிப் பாத்தா கீழ சிரிச்ச முகத்தோட ஒரு சின்னப் புள்ள. மூணு நாள் நிக்கும்னு சொன்ன சார்ஜ் காலைல போட்டா ராத்திரி படுக்குறதுக்குள்ள தீந்துரும். ஒரு மாசத்துல உப்புக் காத்துல சார்ஜ் ஏறுற பின்னு பச்சை பிடிச்சுருச்சு. இருந்தாலும் இருக்கட்டும், இல்லாததுக்கு இது தேவலன்னு வச்சுருந்தோம். நாங்க செஞ்ச தப்பு அதுதான்.

மீன்பிடி தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாதுல்ல, அப்ப நடந்தது. மத்த நாள்ல அப்பா கரைக்குப் போனாலும் அங்க ஆள் இருக்கும், "அண்ணே, இன்னைக்கு தொழில் இல்ல, வாங்க"ன்னு யாராவது கூட்டிட்டு வந்து விட்டுருவாங்க. தடைக்காலத்துல விசைப்படகு நிக்கிற பக்கம் ஒரு மனுசன் இருக்க மாட்டான். நாலு மணிக்கு அம்மா எழுப்பி அப்பாவ காணோம்னாங்க. ஆப்ப பாக்குறேன், அலாரம் ஒண்ணும் வரல, பச்சைப் புள்ளி எங்க வீட்டு மேலயே நிக்குது. அப்ப பக்கத்துலதான் இருக்காருன்னு கொல்லைப் பக்கம், கோயில் பின்னாடி, கிணத்துக்குள்ள டார்ச் அடிச்சுன்னு ஒண்ணரை மணி நேரம் தேடுனோம். அதுக்கப்புறந்தான் புள்ளிக்குக் கீழ பொடி எழுத்துல இருந்தத பாத்தேன், கடைசி அப்டேட் இரவு 10.52. வாட்ச் 10.52க்கே செத்துப்போச்சு, ஆப் மட்டும் கடைசியா பாத்த இடத்தையே காட்டிக்கிட்டு இருந்துருக்கு.

அப்பா தெற்குவாடி கரையில இருந்தாரு. நாட்டுப்படகுக்குக் கிளம்புன ஒரு அண்ணன்தான் பாத்துட்டு போன் பண்ணாரு. ஓடிப் போய்ப் பாத்தா இடுப்பு வரைக்கும் தண்ணி, நங்கூரம் போட்டு நின்ன படகோட கயித்த ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, வாட்ச் கையிலதான் இருக்கு. ஏம்ப்பா இங்க நிக்கிறீங்கன்னு கேட்டேன். "ஆளு இன்னும் வரல தாயி, கயித்த விட்டா போட்டு போயிரும்"னாரு. கையப் பிரிக்கவே கால் மணி நேரம் ஆச்சு, உள்ளங்கையெல்லாம் கயிறு அறுத்துருந்துச்சு.

கடைக்காரர்ட்ட போய்க் கேட்டா சீல் பிரிச்சாச்சு, திரும்ப எடுக்க மாட்டோம்னுட்டாரு, மறுநாள்ல இருந்து என் போன எடுக்கவே இல்ல. நான் நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சேன், அப்புறம் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு குடுத்தேன். 5 லட்சத்துக்குள்ள வாங்குன பொருளுக்கு கட்டணம் கிடையாது, வக்கீல் வேணும்னும் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும், பில்லும் டப்பாவும் பத்திரமா வச்சுக்கங்க.

இந்த மாதிரி மலிவு வாட்ச் வீட்டுக்குள்ளயோ கூரைக்கு அடியிலயோ சாட்டிலைட் கிடைக்கலேன்னா டவர வச்சு குத்துமதிப்பா இடம் சொல்லும், அது நிறைய தள்ளிப்போகும். பாம்பன்ல ரெண்டு பக்கமும் கடல், நமக்கு அது ரொம்ப ஆபத்து, வடகடல் பக்கம் நிக்கிறவர தேடி தென்கடல் பக்கம் ஓட வேண்டியதாயிரும். இன்னொன்னு, பாஸ்வேர்டு. இதுல நிறைய வாட்ச் 123456 தான் பாஸ்வேர்டா வரும், 2019ல அவாஸ்ட்னு ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனி சோதிச்சப்ப ஏறக்குறைய 6 லட்சம் டிராக்கர் அப்படியே மாத்தாம இருந்துருக்கு. யார் வேணா நம்ம அப்பா எங்க இருக்காருன்னு பாக்கலாம். மைக் வழியா ஒட்டுக் கேக்குற பிள்ளைங்க வாட்ச ஜெர்மனில 2017லயே விக்கக் கூடாதுன்னுட்டாங்க.

கருவியே வேணாம்னு நான் சொல்லல. இப்ப எங்க வீட்டுக் கதவுல சில நூறு ரூபாய்க்கு வாங்குன காந்த அலாரம் இருக்கு, கதவு திறந்தா தெருவே முழிச்சுக்கும். அப்பா சட்டை காலருக்கு உள்பக்கம் என் நம்பர அம்மா நூலால தச்சு வச்சுருக்காங்க. தெற்குவாடி டீக்கடையில அப்பா போட்டோவும் என் நம்பரும் குடுத்துருக்கேன். முதியோர் உதவிக்கு 14567, ஆள் காணோம்னா யோசிக்காம உடனே அவசர உதவி நம்பர் 112, ஆப்ப பாத்துக்கிட்டு என்னை மாதிரி ஒண்ணரை மணி நேரம் விட்டுறாதீங்க.

வாட்ச் வாங்கித்தான் ஆகணும்னா, காசு குடுக்குறதுக்கு முன்னாடி உங்க ஊர்ல எடுக்குற சிம்ம அதுல போட்டு, நீங்களே கையில கட்டிக்கிட்டு உங்க கடக்கரை வரைக்கும் ஒரு தடவ நடந்து பாருங்க, வீட்ல ஒருத்தர் ஆப்ல அந்தப் பொடி எழுத்து நேரத்த பாக்கட்டும். அன்னைக்கு ராத்திரி பூரா வச்சுருந்து காலைல சார்ஜ் இருக்கான்னும் பாருங்க. அதுக்கு கடைக்காரர் ஒத்துக்கலேன்னா எழுந்து வந்துருங்க.