நட்சத்திரமா, பட அட்டவணையா, அமைதி மூலையா?

ஒன்றாம் வகுப்பு ஆசிரியர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: உட்காராத பிள்ளையை என்ன செய்வது? அடிப்பதையும் முட்டி போட வைப்பதையும் நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் உடல் தண்டனை, மன உளைச்சல் தருவது இரண்டையும் தடை செய்திருக்கிறது. மற்றபடி வகுப்பறைகளில் அதிகம் பார்ப்பது மூன்று.

முதலாவது, சார்ட் பேப்பரில் பெயர் எழுதி நட்சத்திரம் ஒட்டுவது. செலவு குறைவு, முதல் நாளே பலன் தெரியும். ஆனால் இரண்டாவது வாரத்தில் அந்த சார்ட்டைப் பாருங்கள். ஏற்கெனவே அமைதியாக இருந்த பிள்ளைகளின் வரிசை நிறைந்திருக்கும்; யாருக்காக ஆரம்பித்தோமோ அந்தப் பிள்ளையின் வரிசை காலியாக, எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் தொங்கும். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் மூவரும் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு பரிசு இல்லாத நாளில், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். அதனால் கதை கேட்பதற்கும் படம் வரைவதற்கும் ஸ்டிக்கர் வேண்டாம். செருப்பை வரிசையாக விடுவது போன்ற ஆசையில்லாத சின்ன வேலைக்குச் சில நாள் கொடுக்கலாம், தப்பில்லை.

இரண்டாவது, பட அட்டவணை. பாட்டு, கதை, எழுத்து, கை கழுவுதல், சாப்பாடு என்று அன்றைய நாளைப் படங்களாக வரிசையாக மாட்டி, முடிந்ததைத் திருப்பி வைப்பது. உளவியலாளர் எரிக் ஷாப்லர் அமெரிக்காவின் வட கரோலினாவில் வளர்த்தெடுத்த டீச் (TEACCH) திட்டம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக இதை நன்றாகப் பயன்படுத்தியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது உதவுகிறது என்பதை என் வகுப்பில் பார்த்துவிட்டேன். கலாட்டா பெரும்பாலும் பாடத்தின் நடுவில் வருவதில்லை. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில்தான் வருகிறது. தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழு. அரும்பு நிலைப் பிள்ளைகளோடு நான் உட்கார்ந்தால் மொட்டும் மலரும் காத்திருக்க வேண்டும். அடுத்து என்ன என்று தெரியாத ஆறு வயதுப் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைப் பிடுங்கத்தானே செய்யும்? ஒரு குறை, படத்தைத் தினமும் மாற்ற வேண்டும். இரண்டு நாள் விட்டால் அது வெறும் சுவர் அலங்காரம்.

மூன்றாவது, அமைதி மூலை. ஒரு பாய், ஒரு தலையணை, இரண்டு படப் புத்தகம் போதும். கோபம் ஏறிவிட்ட பிள்ளைக்கு அட்டவணை உதவாது, இதுதான் உதவும். ஆனால் கோபமில்லாத நேரத்தில் எல்லாரையும் அங்கே உட்கார வைத்துப் பழக்கியிருக்க வேண்டும். "போ, அங்க போய் உட்காரு" என்று விரட்டினால் அது பழைய தண்டனைதான்.

அந்த மூலை எனக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. ஒரு பையன் எழுத்து வேலை தொடங்கும்போதெல்லாம் அங்கே போய்விடுவான், கணக்கு நேரத்தில் போகமாட்டான். அவனுக்குப் பென்சில் பிடிப்பதே வலியாக இருந்தது. மணல் தட்டில் விரலால் எழுத வைத்தேன், அப்புறம் தடித்த கிரேயான் கொடுத்தேன். ஓடுவது குறைந்தது. எத்தனை நட்சத்திரம் ஒட்டியிருந்தாலும் அந்தக் கைக்கு வலு வந்திருக்காது.

ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் நான் பட அட்டவணையைத்தான் எடுப்பேன். இடமிருந்தால் மூலையையும் சேர்ப்பேன். இரண்டும் இருந்தும் ஒரு பிள்ளை தினமும் திணறினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், பிறகு கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த நேரம், எந்த வேலை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. அவர் முதலில் கேட்பது அதைத்தான்.