பின்கட்டு விறகடுப்பு புகைகிறதா? பல வருஷப் புழக்கத்தில் நின்றதும் நிற்காததும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பழைய லயத்து வீடுகளில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அன்றாடச் சமையல் எரிவாயுத் தோம்புக்கு (சிலிண்டர்) மாறிவிட்டாலும், பொங்கல், தீபாவளி முறுக்கு, பெரிய சட்டிக் கறி என்றால் பின்கட்டுச் செங்கல் அடுப்புதான். இரண்டு வாய், அடியில் இரும்புச் சல்லடை, பின்னால் 6 அங்குலப் புகைக்குழாய், கூரைக்கு மேல் ஒரு தொப்பி. இந்த அமைப்பைப் பற்றியதே இந்தப் பகிர்வு.

புகை வந்ததும் எல்லாரும் ஏணியைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் ஏற்றம். கூரைக்கு ஏறும் முன், புகை எந்த நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள்.

பற்றவைத்த சில நிமிஷம் மட்டும் புகைந்து பிறகு அடங்கினால் குழாயில் கோளாறு இல்லை. இரவெல்லாம் ஆறிய ஈரக்காற்று உள்ளே அடைத்து நிற்கிறது. குழாயின் அடியில் உள்ள கரி அள்ளும் மூடியைத் திறந்து, ஒரு தாள் நாளிதழை அங்கே எரித்துவிட்டு மூடுங்கள். காற்று மேலே நகர ஆரம்பித்த பிறகு அடுப்பைப் பற்றவைக்கலாம். ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து காய்ந்த ரப்பர் பால்) துண்டை வைத்துப் பற்றவைப்பது நம் தோட்டத்துப் பழக்கம். தீ உடனே பிடிக்கும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கரும்புகை குழாய்ச் சுவரில் கரியாய்ப் படியும். காய்ந்த தேங்காய்ச் சிரட்டை போதும்.

நன்றாக எரியும்போது திடீரென்று புகை திரும்பினால், முதலில் இரண்டாவது வாயைப் பாருங்கள். பாத்திரம் இல்லாமல் திறந்து கிடந்தால், குழாய் தீயை இழுப்பதை விட்டுவிட்டு அறைக் காற்றை இழுக்கும். இரும்பு மூடி போட்டால் அந்த நிமிஷமே தெரியும் வித்தியாசம். அடுத்தது சல்லடைக்கு அடியில் நிறைந்த சாம்பல். அதற்கும் அடுத்தது, புதுப்பித்த சமையலறைகளில் மாட்டியிருக்கும் எக்ஸாஸ்ட் விசிறி. ஜன்னலைச் சாத்திவிட்டு அதை ஓடவிட்டால், வெளியே போன புகையைக் குழாய் வழியாகவே திருப்பி இழுத்துக்கொள்ளும். அதோடு கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவும் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. அடுப்பு எரியும்போது விசிறியை நிறுத்துங்கள், ஒரு ஜன்னலாவது திறந்திருக்கட்டும்.

புகைக்குழாய் பற்றிய குளிர்நாட்டு அறிவுரை இங்கே முழுதாகப் பலிக்காததற்குக் காரணம் உண்டு. குழாய் இழுப்பது உள்ளே இருக்கும் சூட்டுக்காற்று வெளிக்காற்றைவிட லேசாக இருப்பதால்தான். வெளியே 32 டிகிரி, குழாயில் 150 டிகிரி என்றால் 4 மீட்டர் உயரக் குழாயின் இழுவை சுமார் 13 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). வெளியே 0 டிகிரியாக இருக்கும் ஊரில் அதே குழாய்க்கு 18 கிடைக்கும். நம்முடைய புகை 80 டிகிரிக்கு ஆறிவிட்டால் 6 பாஸ்கல்தான் மிச்சம். இவ்வளவு குறைந்த இழுவையில் எந்த ஓட்டையும் பெரிய நஷ்டம். இணைப்புகளுக்கு அருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். அதன் புகை உள்ளே இழுபடும் இடமெல்லாம் ஓட்டை.

ஓட்டை அடைக்க வாங்கியதில் அலுமினிய ஒட்டுநாடா முதலில் தோற்றது. பசை உருகி உரிந்துவிடும். சூடு தாங்கும் சிலிகோன் பசை கூரைப் பக்கத்தில் நின்றது, அடுப்பை ஒட்டிய முதல் இரண்டடியில் கருகியது. சிமெண்டுப் பூச்சு சூட்டில் வெடித்து உதிரும். நிலைத்தது பழைய வைத்தியம்: ஒரு பங்கு சலித்த புற்றுமண், இரண்டு பங்கு மணல், கையில் உருண்டை பிடிக்கும் அளவு தண்ணீர். காய்ந்து வெடித்தால் மணலைக் கூட்டுங்கள். முதல் சில நாள் சின்னத் தீதான் போட வேண்டும்.

குழாய் மாட்டுவதில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று: நெளித்துச் சுருக்கிய முனை கீழ்நோக்கி, அடியிலுள்ள குழாய்க்குள் நுழைய வேண்டும். தலைகீழாக மாட்டினால் தார் போன்ற கருஞ்சாறு இணைப்பு வழியே வெளியே ஒழுகிச் சுவரை நாசமாக்கும். 90 டிகிரி வளைவு ஒன்றுக்குப் பதில் 45 டிகிரி வளைவு இரண்டு போடுங்கள். மலிவு என்று 4 அங்குலக் குழாய்க்குப் போகாதீர்கள். 6 அங்குலத்தின் வாய்ப்பரப்பு அதைவிட இரண்டேகால் மடங்கு. அடுப்பை ஒட்டிய பகுதிக்கு ஜிங்க் பூசிய தகரம் கூடாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும், அதன் ஆவி கெடுதி. கறுப்பு இரும்போ எவர்சில்வரோ போடுங்கள். பலகைச் சுவருக்கும் உத்திரத்துக்கும் ஒற்றைத் தகட்டுக் குழாயிலிருந்து 18 அங்குலம் இடைவெளி வேண்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் நீங்களே துளை போட வேண்டாம்.

குழாயின் வாய் கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 3 அடி, 10 அடிக்குள் உள்ள எதையும்விட 2 அடி உயரம் என்பது அமெரிக்கக் கணக்கு. இங்கும் அதற்குக் குறைக்க வேண்டாம். பக்கத்து வீட்டில் மாடி எழும்பிய பிறகு காற்றடித்தால் மட்டும் புகைகிறது என்றால் காரணம் இந்த உயரம் போதாததாக இருக்கலாம். தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே 3 அங்குலமாவது விடுங்கள். மைனா கூடு கட்டாமலிருக்க 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை போதும், அதைவிடச் சின்னக் கண் கரியில் அடைபடும். சுழல் தொப்பி காசுக்குக் கேடு. கடலோரம் இல்லாத நம் பக்கத்தில் அதைச் சுற்றவைக்கக் காற்று போதாது, கரி ஏறினால் அச்சும் இறுகிவிடும்.

இனி விறகு. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் நாள் முழுக்கப் புகைந்தால் குற்றவாளி இதுதான். மறுநடவுக்கு வெட்டிய பால்மரம் (ரப்பர் மரம்) லோரியில் வந்து இறங்கும்போது, எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். தீயின் சூடு அதை ஆவியாக்கவே போய்விடும். புகை ஆறும், இழுவை விழும், கருஞ்சாறு படியும். முழுக்கட்டையாக வைத்தால் காயும் முன் நீலம் பூத்துப் பூஞ்சை பிடிக்கும். வந்த வாரமே மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து, செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். பலகைச் சுவரோடு சேர்த்து அடுக்கினால் துளைவண்டு வீட்டுக்குள் வரும். காய்ந்ததா என்று பார்க்க, ஒரே துண்டில் குறி போட்டு வாரம் ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

மரச்சாமான் பட்டறைத் துண்டுகள் காய்ந்தவைதான். ஆனால் வண்டு வராமலிருக்கப் பால்மரப் பலகைக்கு போரான் மருந்து ஏற்றுவார்கள். அது தீயையும் மந்தப்படுத்தும். வார்னிஷ் பூசியது, பிளைவுட், பழைய தண்டவாளக் கட்டை எதுவும் சமையலடுப்புக்கு ஆகாது. செம்பனை (எண்ணெய்ப்பனை) கொட்டை ஓடு நல்ல சூடு தரும். ஆனால் சாம்பல் உருகிச் சல்லடையில் கட்டிதட்டும், ஒவ்வொரு முறையும் சுரண்ட வேண்டும்.

குழாய்க்குள் கரி 3 மில்லிமீட்டர் ஏறினால் துடைக்கும் நேரம். அடுப்பு ஒரு நாள் முழுக்க ஆறிய பிறகு, குழாயின் அளவுக்கே வாங்கிய தூரிகையால் மேலிருந்து கீழ்வரை இழுத்து, கீழ் மூடியில் சாக்கைக் கட்டி அள்ளுங்கள். உதிர்கிற கரிக்கு இது போதும். கண்ணாடிபோல் பளபளக்கும் படிவு தூரிகைக்கு மசியாது. அந்தத் துண்டைக் கழற்றி மாற்றிவிடுவதே மேல். அந்தப் படிவுதான் உள்ளே தீப்பிடித்து லோரி ஓடுவதுபோல் இரையும். அப்படி இரைந்தால் அடுப்பின் காற்று வழியை அடைத்துவிட்டு, எல்லாரையும் வெளியே அனுப்பி அவசர எண் 999-ஐ அழையுங்கள். தண்ணீரை ஊற்றாதீர்கள்.