ஃபர்ஸ்ட் லவ் ஹாட்சுகோய்: சில்க் போர்டு சிக்னல்ல ஒரு ஜப்பான் காதல்

தலையில அடிபட்டா பழசு எல்லாம் மறந்து போயிடும், அப்புறம் எதையோ பாத்தா கேட்டா பளிச்சுனு திரும்பி வந்துடும், இந்தக் கதைய நம்ம ஆளுங்க அரைச்ச அரைப்புல ஆட்டுக்கல்லே தேஞ்சு போச்சு. அதனால நெட்ஃப்ளிக்ஸ்ல இந்த ஜப்பான் சீரிஸ் 2022 நவம்பர்ல வந்தப்பவே "ஹீரோயினுக்கு மெமரி லாஸ்"னு யாரோ சொன்னதும் நான் தொடவே இல்ல. இப்போ பெங்களூர்ல ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மாறிடுச்சு, வீடு அல்சூர், தினமும் சாயங்காலம் கேப்ல ஒன்றரை மணி நேரம் சும்மா உக்காரணும், சரி போட்டுப் பாப்போம்னு ஆரம்பிச்சேன். மொத்தம் 9 எபிசோடு, ஒண்ணு ஒண்ணும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏதோ நம்ம அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்குக்கு அளவெடுத்து தைச்ச மாதிரி இருந்துச்சு.

கதை ஜப்பானோட வடக்குல இருக்குற ஹொக்கைடோவுல, பனி கொட்டுற ஊரு. யாயேங்கிற பொண்ணு ஸ்கூல் படிக்கும்போது ஏர் ஹோஸ்டஸ் ஆகணும்னு ஆசப்பட்டவ, இப்போ சப்போரோவுல டாக்ஸி ஓட்டுறா. டைவர்ஸ் ஆயிடுச்சு, பையன் அப்பா வீட்டுல வளர்றான், அப்பப்போ தான் பாக்க முடியும். அவளோட பழைய காதலன் ஹருமிச்சி ஏர்ஃபோர்ஸ்ல பைலட்டா இருந்துட்டு இப்போ ஒரு பில்டிங்ல செக்யூரிட்டி. வானத்துல பறக்கணும்னு நெனச்ச ரெண்டு பேரும் தரையில நிக்கிறாங்க, ஒருத்தரு ரோட்டுல ஒருத்தரு கேட்டுல. எனக்கு மெமரி லாஸ் ட்விஸ்ட்ட விட இதுதான் உள்ள எறங்குச்சு. யாயேவுக்கு பழசு மறந்துபோகக் காரணமான அந்த விபத்து நடக்காம இருந்திருந்தா கூட முப்பத்தஞ்சு நாப்பது வயசுல பாதி பேரு இப்படித்தானே, என்னவா ஆகணும்னு நெனச்சோம்ங்கறதே மறந்துட்டு ஈஎம்ஐ கட்டிட்டு இருக்கோம்.

யாயேவா மிட்சுஷிமா ஹிகாரி. சும்மா வண்டி ஓட்டிட்டு கண்ணாடியில பின் சீட்ட பாக்குற பார்வையே போதும், டயலாக் வேணாம். நான் முன் சீட்டுல உக்காந்து தான் பாப்பேன், எங்க கேப் அண்ணன் ஓசூர்க்காரரு, ஒரு நாள் சிக்னல்ல எட்டிப் பாத்துட்டு "என்னக்கா, அந்தம்மா டாக்ஸியா ஓட்டுது?"ன்னாரு. ஆமாண்ணா, ஜப்பான்னேன். "அங்கயும் நம்மள மாதிரி ரைட் சைடு ஸ்டீயரிங் போல"ன்னாரு, அப்புறம் பின் கதவு தானா தெறக்கறத பாத்து ஆளு அசந்துட்டாரு. அங்க டாக்ஸியில டிரைவரே தன் சீட்டுல இருந்து பின் கதவ தெறந்து மூடுவாரு, பாசஞ்சர் கதவத் தொட வேண்டியதே இல்லன்னு சொன்னதும் "நமக்கு அது தான்க்கா வேணும், நம்ம ஆளுங்க டமால்னு சாத்துறதுல போன மாசம் தான் லாக்க மாத்துனேன்"னு ஒரே பொலம்பல்.

இந்த சீரிஸே உடாடா ஹிகாருவோட ரெண்டு பாட்ட வெச்சு கட்டினது தான். ஒண்ணு 1999ல வந்த ஃபர்ஸ்ட் லவ், அப்போ அந்தப் பாடகிக்கு வயசு 16, அதே பேர்ல வந்த ஆல்பம் ஜப்பான்ல மட்டும் 70 லட்சத்துக்கு மேல வித்துச்சு. இன்னொண்ணு 2018ல வந்த ஹாட்சுகோய், அதுக்கும் ஜப்பான் மொழியில முதல் காதல்னு தான் அர்த்தம். டைரக்டர் கன்ச்சிகு யூரி பாட்ட கண்ட எடத்துல போட்டு நம்ம கழுத்த அறுக்கல, பொத்திப் பொத்தி வெச்சிருந்து கரெக்டான எடத்துல விடுறாங்க. சிடி பிளேயர், ஆளுக்கு ஒரு இயர்போன் காலத்து ஆளுங்களுக்கு அந்த ஸ்கூல் போர்ஷன் சும்மா அள்ளும்.

ஒரு சின்ன விஷயம். ஜப்பான் மொழியிலயும் வினைச்சொல் நம்மள மாதிரி கடைசியில தான் வரும், ஆமாவா இல்லையாங்கறது வாயத் தெறந்து முடிக்கும்போது தான் தெரியும். ஆனா இங்கிலீஷ் சப்டைட்டில் மொதல்லயே போட்டு ஒடச்சிடுது. நடிகர் இன்னும் இழுத்துட்டு இருப்பாரு, நமக்கு முடிவு தெரிஞ்சு போச்சு, இதவிட எரிச்சல் வேற இல்ல.

இப்போ திட்டு. ஹருமிச்சிக்கு ஏற்கனவே கல்யாணம் பண்ணிக்கப் போற பொண்ணு ஒருத்தி இருக்கா, ட்சுனேமி. அவ என்ன பாவம் பண்ணா? பழைய லவ்வர் டாக்ஸியில வந்துட்டாங்கறதுக்காக இவ நல்லவளா ஒதுங்கி வழி விடணும், நம்மளும் ஐயோ பாவம்னுட்டு மெயின் ஜோடிக்கு விசிலடிக்கணும், இது எந்த ஊரு நியாயம்? ஹருமிச்சியா நடிச்ச சாட்டோ டகேரு எவ்ளோ தான் அழகா கண் கலங்கினாலும் அந்த எடத்துல எனக்கு அவன அறையணும்னு தான் தோணுச்சு. அப்புறம் தற்செயலா நடக்குற சந்திப்புங்க கொஞ்சம் ஓவர், சப்போரோ என்ன நம்ம அல்சூர் மார்க்கெட்டா திரும்புன பக்கம் எல்லாம் தெரிஞ்ச மொகமா வர்றதுக்கு. நடுவுல 2 எபிசோடு காலம் முன்னப் பின்ன தாவுறதுல நான் ரெண்டு தடவ ரீவைண்ட் பண்ணேன். யாயேவோட பையன் காதல் டிராக்கு ஓகே ரகம்.

ஆனா ஹருமிச்சி வீட்டு சீன்ங்க அருமை, தங்கச்சிக்கு காது கேக்காது, அதனால வீட்டுல சைகையிலயே சண்ட போடுறாங்க சிரிக்கிறாங்க, அதுக்குன்னு ஒரு சோக மியூசிக்கும் இல்ல.

பாக்கலாம், தாராளமா பாக்கலாம். கடைசி எபிசோட மட்டும் கேப்ல பாக்காதீங்க. நான் டொம்லூர் ஃப்ளைஓவர் ஏறும்போது மூக்க உறிஞ்சிட்டு இருந்தேன், அண்ணன் ஏசிய கொறைச்சுட்டு "சளியாக்கா?"ன்னாரு.