தமிழ்ப் பக்கத்தின் ஹெட் பகுதியைப் படிக்க எந்த லைப்ரரி?

கோத்தகிரியில் நாங்கள் சிலர் சேர்ந்து நீலகிரியைப் பற்றிய இணையக் கட்டுரைகளுக்கு ஓர் அட்டவணை தொகுத்து வருகிறோம். சோலைக்காடு, வரையாடு, தோடர் எருமை, மலை ரயில் என எதைப் பற்றியதாக இருந்தாலும், முகவரியைக் கொடுத்தவுடன் தலைப்பு, சுருக்கம், படம், வெளியான தேதி நான்கும் தானாக வந்து சேர வேண்டும். பெரும்பாலும் இவை பக்கத்தின் ஹெட் பகுதியில், அதாவது திரையில் தெரியாத தலைப்பகுதியில், பக்கத்தைப் பற்றிய விவரம் சொல்லும் மெட்டா குறிச்சொற்களாக இருக்கின்றன. அவற்றை எடுக்கப் பைத்தான் நிரல்மொழியில் பல வழிகள் உண்டு, லைப்ரரி எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்புகளும் உண்டு.

எழுத்துகளின் வரிசை அமைப்பை வைத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேண்டவே வேண்டாம். மெட்டா குறிச்சொல்லில் ஒரு தளம் ப்ராப்பர்ட்டியை (விவரத்தின் பெயரை) முன்னால் எழுதும், அடுத்த தளம் கன்டென்ட்டை (விவரத்தை) முன்னால் எழுதும். ஒவ்வொன்றுக்கும் ஒட்டுப் போட்டு மாளாது.

உண்மையான போட்டி, பக்கத்தைப் பிரித்துப் படிக்கும் இரண்டு லைப்ரரிகளான எல்எக்ஸ்எம்எல்லுக்கும் பியூட்டிஃபுல்சூப்புக்கும்தான். முன்னது சி மொழியில் எழுதிய லிப்எக்ஸ்எம்எல்2-இன் மேல் நிற்பதால் மிக வேகமானது. ஆவணத்தில் ஒரு பகுதிக்குப் போகும் பாதையைச் சொல்லும் எக்ஸ்பாத் எழுதத் தெரிந்தவர்களுக்கு வசதியானது. ஆனால் எங்கள் வேலையில் நேரம் முழுவதும் பக்கத்தை இறக்குவதிலேயே போகிறது. பிரித்துப் படிக்கும் நேரம் கணக்கிலேயே வராது. அதனால் வேகத்தை வைத்து நான் தேர்வு செய்யவில்லை.

நான் பார்த்தது எழுத்தை. 'குறிஞ்சி' என்ற சொல்லில் யூனிகோடு குறிகள் 8. அவற்றைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 24 பைட். சர்வர் தன் பதிலில் எழுத்துக் குறிமுறையைச் சொல்லாவிட்டால், பக்கத்தை இறக்கும் ரெக்வெஸ்ட்ஸ் லைப்ரரியின் 'டெக்ஸ்ட்' (எழுத்தாக மாற்றிய வடிவம்) அதை லத்தீன் எழுத்துகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 என்று எடுத்துக்கொள்ளும். அப்போது குறிஞ்சி 24 லத்தீன் குறிகளாகச் சிதறிவிடும். அட்டவணையில் அப்படி ஒரு வரியைப் பார்த்த அன்று எனக்கு மனமே விட்டுப்போயிற்று. தீர்வு எளிது: 'டெக்ஸ்ட்' பக்கம் போகாமல், அதே லைப்ரரியின் 'கன்டென்ட்' தரும் மாற்றாத பைட்டுகளை அப்படியே பியூட்டிஃபுல்சூப்பிடம் கொடுக்க வேண்டும். மெட்டா குறிச்சொல்லில் அறிவித்த குறிமுறையை அது தேடிப் பார்க்கும். அறிவிப்பே இல்லாவிட்டாலும் கண்டறிய முயலும். எல்எக்ஸ்எம்எல்லிடம் நேராகக் கொடுத்தபோது, அறிவிப்பு இருந்த பக்கங்கள் நன்றாக வந்தன, இல்லாதவை சிதைந்தன. இந்த ஒரு காரணத்துக்காகவே என் வாக்கு பியூட்டிஃபுல்சூப்புக்கு.

அதிலும் ஒரு கவனம் வேண்டும். அது தானாகப் பிரிப்பதில்லை, உள்ளே வேறொரு பார்சரை (பிரித்துப் படிக்கும் நிரலை) வைத்துக்கொள்கிறது. பைத்தானோடு வரும் ஹெச்டிஎம்எல்.பார்சர், எழுதாமல் விட்ட ஹெட் குறிச்சொல்லைச் சேர்த்துத் தராது. ஹெச்டிஎம்எல்5லிப் என்ற இன்னொரு பார்சர் பிரவுசரைப் போலவே நடப்பதால், ஹெட் நடுவே யாராவது ஒரு டிவ் (திரையில் தெரியும் பகுதிக்கான குறிச்சொல்) வைத்திருந்தால் அங்கேயே ஹெட்டை மூடிவிடும். பின்னால் வரும் மெட்டாக்கள் பாடிக்குள், அதாவது பக்கத்தின் உடல்பகுதிக்குள், போய்விடும். ஆகவே ஹெட்டுக்குள் மட்டும் தேடாமல் ஆவணம் முழுவதும் மெட்டாவைத் தேடுங்கள்.

மூன்றாவது வழி, பக்கத்தில் பதித்திருக்கும் விவரங்களை எடுக்கும் எக்ஸ்ட்ரக்ட் என்ற லைப்ரரி. விவரங்களை மெட்டா குறிச்சொற்களில் எழுத 2010-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓப்பன் கிராஃப் முறையின் கட்டாயப் புலங்கள் நான்கு: தலைப்பு, வகை, படம், முகவரி. தேதி அதில் இல்லை. எங்களுக்கோ தேதி உயிர். நீலக்குறிஞ்சி 2006-லும் பூத்தது, 2018-லும் பூத்தது. 'குறிஞ்சி பூத்திருக்கிறது' என்ற கட்டுரை எந்தப் பூப்பைச் சொல்கிறது என்பது தேதி தெரிந்தால்தான் விளங்கும். பல செய்தித் தளங்கள் அதை ஜேசன்-எல்டி என்ற தரவுத் துண்டில் வைத்திருக்கின்றன. எக்ஸ்ட்ரக்ட் அதையும், குறிச்சொற்களுக்குள்ளேயே விவரத்தை எழுதும் மைக்ரோடேட்டாவையும் ஓப்பன் கிராஃபையும் ஒரே அழைப்பில் எடுத்துத் தருகிறது. ஆனால் ஒரு துண்டு பிழையாக இருந்தாலும் மொத்தமும் நின்றுவிடும். 'எரர்ஸ்' அளவுருவை 'இக்னோர்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே இணைப்பு இழுத்து இழுத்து வரும். அந்த நாள்களில் பக்கத்தின் முன்பகுதியை மட்டும் இறக்கி, ஹெட் முடியும் குறிச்சொல்லோடு வெட்டி பியூட்டிஃபுல்சூப்பிடம் கொடுக்கிறேன். கண்ட இடத்தில் வெட்டினால் ஒரு தமிழ் எழுத்தின் 3 பைட்டுக்கு நடுவே வெட்டு விழுந்து குறிமுறை கண்டறிதல் தடுமாறும். ஜேசன்-எல்டி பக்கத்தின் அடியிலும் இருக்கலாம் என்பதால் எக்ஸ்ட்ரக்டுக்கு இந்தச் சிக்கனம் ஒத்துவராது. தேதி கிடைக்காத பக்கங்களைத் தனியே குறித்து வைத்து, மழை விட்ட பிறகு முழுதாக இறக்கி அதனிடம் கொடுக்கிறேன்.