அரசுத் தோட்டமா, கூட்டுறவா? தம்பிக்காக நாங்கள் எடுத்த முடிவு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் வேலை பார்த்த அப்பா போன வருடம் ஓய்வு பெற்றார். அடுத்துத் தம்பி என்ன செய்வது என்று சென்னை வியாசர்பாடியில் இருக்கிற எனக்கு ராத்திரி ராத்திரி போன் வரும். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயில் வேலைக்கு முயற்சி செய்வதா, கிராஜுவிட்டிப் பணத்தோடு என் பி.எஃப். கடனையும் சேர்த்துத் துண்டு நிலம் வாங்கிக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு இலை போடுவதா? கடைசியில் 40 சென்ட் தேயிலை வாங்கினோம். அதனால் நான் எந்தப் பக்கம் பேசுவேன் என்பது தெரிந்ததுதான்.

இரண்டுமே மலைக்காக அரசு போட்ட திட்டங்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. எங்கள் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் வனத்துறை தேயிலை நட்டது. அதுதான் பிறகு டேன்டீ ஆனது. 1965இல் தொடங்கிய இன்கோசர்வ், அதாவது கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையம், வேறு வழி. நிலமும் செடியும் விவசாயியுடையவை. இலையைத் தூளாக்குவது அவர்களே உறுப்பினராக இருக்கும் தொழிற்சாலை.

வருமானம் என்று பார்த்தால் தோட்ட வேலைதான் நிம்மதி. ஏலத்தில் தூள் விலை விழுந்தாலும் கூலி கூலிதான். எங்களுக்கு அப்படி இல்லை. பசுந்தேயிலை விலை மாதாமாதம் மாறும். ஆடி மழையில் நான் போயிருந்தபோது தம்பி கொண்டுபோன மூட்டையைத் தராசில் வைத்து, ஈரத்துக்கென்று சில கிலோ கழித்து எழுதினார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. 40 சென்ட் ஒரு குடும்பத்துக்குப் போதாது, மீதி நாளில் ஜீப் ஓட்டுகிறான்.

சரி, பிறகு ஏன் இதை எடுத்தோம்? வீடுதான் காரணம். தோட்டத்து லைன் வீடு, அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு, வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டும். அம்மா அந்த வீட்டு வாசலில் 20 வருடமாக ஒரு பேரிக்காய் மரம் வளர்த்தார். காலி செய்த அன்று அதிலிருந்த பிஞ்சுகளைக்கூடப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டார். வியாசர்பாடியில் என் தெருவில் பர்மாவிலிருந்து திரும்பிய தாத்தா ஒருவர் இருக்கிறார். மனைப் பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். நாங்களும் அவரும் கடல் தாண்டி வந்தவர்கள்தான். அவர் பிள்ளைகளை யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியாது. ஊருக்குத் திரும்பியவர்களுக்கு வேலை கொடுத்தது பெரிய காரியம், அதை மறக்க மாட்டேன். அதோடு ஆளுக்கு 10 சென்ட்டாவது எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

நாங்கள் வாங்கிய நிலத்தில் தகரக் கூரை போட்ட சின்ன வீடு ஒன்று ஏற்கனவே இருந்தது. மலையில் புதிதாகக் கட்ட அனுமதி வாங்குவது லேசில்லை என்பதால் அதற்காகவே விலை கொஞ்சம் கூடக் கொடுத்தோம்.

கேரட், உருளை போட்டால் லாபம் என்கிறார்கள். அதில் எனக்கு அனுபவம் இல்லை. சரிவில் மண் கரையாமல் பிடித்து நிற்பது தேயிலை என்று அப்பா சொல்வார், அதை நம்பினோம். கவ்வாத்து வெட்டினால், அதாவது புதுத் துளிர் வரச் செடியைக் கத்தரித்தால், சில மாதம் இலையே இருக்காதாம். அந்தக் காலம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. அதற்குள் என் கடனில் பாதியாவது அடைய வேண்டும்.

பேரிக்காய்க் கன்று ஒன்று வாங்கித் தரச் சொல்லி அம்மா கேட்டிருக்கிறார்.